பன்னிரண்டு வந்த புகை

“ஆறுதான் வருது அண்ணாச்சி,” என்றார் ஜெய்சன்.

வன்னியராஜ் கையிலிருந்த விறகை உலைக்குள் எறிந்துவிட்டுத்தான் திரும்பினார். ராத்திரி ஷிப்டு முடித்து, மாற்று ஆள் வராததால் பகல் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு வரணும் சார்?”

“பன்னெண்டு.”

விக்கிரமசிங்கபுரத்துக்குக் கிழக்கே, நூலுக்குச் சாயம் போடும் சின்ன ஆலை அது. கண்ணாடிக் குழாய்கள் பொருத்திய மரப்பெட்டியோடு பாளையங்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார் இன்ஜினியர் ஜெய்சன். பாய்லர் புகையைப் பெட்டிக்குள் இழுத்து, அதில் கரியமில வாயு நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பார். கூடுதலாக இருந்தால் விறகு ஒழுங்காக எரிகிறது. குறைந்தால் வேண்டாத காற்று புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போகிறது. அப்படியானால் எண்ணெய் பாய்லர் வாங்கிவிடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதற்கு விறகு தள்ள ஆள் வேண்டாம்.

புகையெடுக்க, நேற்று பின்பக்கம் போய்ப் புகைக்குழாயில் ஓட்டை போட்டவர் வன்னியராஜ்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உலைவாயைப் பார்த்து நின்றவர். பாய்லருக்கு முதுகுப்புறம் ஒன்று இருப்பதை நேற்றுத்தான் பார்த்தார். கொட்டுகிற மழையில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாயைச் சொருகி, மறுமுனையை ஜன்னல் வழியே உள்ளே விட்டிருந்தார்.

“காத்து கூடுதலாப் போகுது. டேம்பரை இறக்குங்க,” என்றார் ஜெய்சன்.

புகை போகும் வழியை மறிக்கும் அந்தத் தகட்டை வன்னியராஜ் பாதி இறக்கினார். புகை திரும்பி அவர் மூஞ்சியிலேயே அடித்தது.

“நாலு.”

“குறைஞ்சிட்டா?”

“கதவு இடுக்குலயும் காத்து இழுக்கும். களிமண்ணை அப்புங்க.”

அப்பினார். முழங்கை மயிர் பொசுங்கி நாறியது.

“ரெண்டரை.”

“அந்தப் பெட்டிக்கு என் மேல என்ன கோவம் சார்?”

“பெட்டி பொய் சொல்லாது அண்ணாச்சி. ஃபேனை நிறுத்துங்க.”

உலைக்குக் காற்று ஊதிய ஃபேன் நின்றது. தணல் கறுத்தது. சாயப் பகுதி மேஸ்திரி காஜா முகைதீன் முழங்கைவரை சிவப்பாக ஓடிவந்தார்.

“வே, ஸ்டீம் எங்க வே? நூலு பாதிச் சாயத்துல கெடக்கு. செவப்பு போட்டா ரோஸுல்லா வருது!”

“சார்ட்ட கேளும்.”

“சாரு பஸ் ஏறிப் போயிருவாரு. உருளுதது என் தலைலா!”

“ஒண்ணு,” என்றார் ஜெய்சன், யாரையும் பார்க்காமல்.

வன்னியராஜ் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். இனி வீட்டில் பீடி சுற்றும் மனைவி பக்கத்தில் அவரும் ஒரு முறத்தை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“இனி ஒரு கட்டை போடமாட்டேன் சார். என்ன எழுதணுமோ எழுதிட்டுப் போங்க.”

உலை அணைந்துகொண்டிருந்தது. ஜெய்சனுக்கும் கை ஓய்ந்துவிட்டது. பேருக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை புகையிழுக்கும் ரப்பர் குமிழை அமுக்கினார். கண்ணாடியில் தண்ணீர் மட்டம் ஏறியது.

“அண்ணாச்சி, அஞ்சு!”

மறுபடியும் இழுத்தார்.

“ஒம்போது! இப்ப என்ன செஞ்சிய?”

“ஒண்ணுஞ் செய்யல. சும்மா உக்காந்திருக்கேன்.”

“அப்படியே இருங்க! அசையாதிய!”

வன்னியராஜ் அசையவில்லை. மூக்கு நுனியில் நின்ற வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

“பன்னெண்டு!”

சத்தம் கேட்டு மேனேஜர் திருஞானசம்பந்தம் வந்தார். கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்.

“இவ்வளவு நாளும் ஏன்வே இப்படி ஓட்டல?”

“ஸ்டீம் முள்ளு பூச்சியத்துல நிக்கி சார்,” என்றார் காஜா முகைதீன்.

“அது வேற விஷயம். பன்னெண்டு வந்துட்டுல்லா? எண்ணெய் பாய்லர் வேண்டாம், இதுவே ஓடட்டும்.”

ஜெய்சன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். வன்னியராஜ் கண்ணை மூடிக்கொண்டார்; அப்படியே தூங்கியும் போயிருப்பார்.

அப்போது கையில் கரண்டியோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, பின்பக்கத்துக் கேன்டீன் சமையல்காரி பாலம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

“இட்லி இறக்குனதுலேருந்து அணைஞ்சு கெடந்த அடுப்பை இப்பத்தான் சோத்துக்கு மூட்டுனேன்; என் அடுப்புப் புகைக்குழாயில ஓட்டையப் போட்டு ரப்பரைச் சொருகி வச்சிருக்கது யாருய்யா?”