குறைகள்: இல்லை

சாவி விஷயத்தில் என்னை யாரும் நம்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுக்கடலில் ராத்திரி பகல் பாராமல் ஒரு கப்பலை வழி தவறாமல் கொண்டுபோய்விடுவேன். அதுதான் என் உத்தியோகம். ஆனால் ஒரு சாவியைச் சேரவேண்டிய ஆளிடம் சேர்க்கச் சொன்னால், அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் சட்டைப் பைக்கே வந்துவிடும்.

எனக்குக் குடவாசல் பக்கம். சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. (ஊரில் 'கப்பல்ல ஆபீசர்' என்பார்கள். அப்பா மட்டும் 'கப்பல்ல வேலை' என்று அதோடு நிறுத்திக்கொள்வார்.) கடல் வரைபடங்கள், பயணப் பாதை, மருந்து அலமாரி மூன்றும் என் பொறுப்பு. ஒன்பது மாதம் முடிந்து இறங்கும்போது, புதிதாக ஏறுகிற அதிகாரியிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, ஒப்படைப்புக் குறிப்பு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் தாளின் கடைசியில் 'குறைகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். எது ஓடவில்லை, எது ஒழுகுகிறது, எதைத் தலையில் தட்டினால்தான் வேலை செய்யும் என்று வருகிறவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நல்ல அதிகாரிகள் அந்தக் கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதுவார்கள்.

நான் ஒரு தடவை அதில் ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டு இறங்கி ஓடினேன். காரணம், மறுநாள் எனக்கு நிச்சயதார்த்தம்.

பெண் நித்யா, கும்பகோணத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நிச்சயம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை எனக்குப் பதிலாக வரவேண்டியவருக்குக் காய்ச்சல். இரண்டாம் தடவை விசா வரவில்லை. மாற்று ஆள் வராமல் கப்பலை விட்டு இறங்க முடியாது என்பதை அப்பா எடுத்துச் சொன்னபோது ஸ்டேஷன் மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். பிறகு சொன்னாராம்: "ரெண்டு தடவை லேட்னா வண்டி வரும்னு பிளாட்பாரத்துல நிக்கலாங்க. மூணாவது தடவையும்னா ரத்துன்னு போர்டு எழுதிடறதுதான் மரியாதை."

இதற்குள் நான் நித்யாவுடன் நாலு மாதம் போனில் பேசியிருந்தேன். சிக்னல் கிடைத்த துறைமுகத்திலிருந்தெல்லாம் பேசினேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த போர்டை நினைத்து நினைத்துக் காலண்டரில் நாளை எண்ணினேன்.

அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், நிலக்கரி ஏற்றிய எங்கள் கப்பல் காரைக்காலுக்கே வந்தது. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை நிச்சயம், செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டோம். ஆனால் கரையில் இடம் காலியில்லை என்று நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். கரை தெரிகிறது, போனில் இரண்டு கோடு சிக்னல் கூடத் தெரிகிறது, போகத்தான் முடியவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கப்பலின் முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்தேன். சோறு இறங்கவில்லை. நாகப்பட்டினத்துக்காரரான மூத்த மாலுமி ஒருவர் கேட்டேவிட்டார்: "என்ன சார், வேளாங்கண்ணிக்கு நடந்து வரேன்னு வேண்டுதலா? இங்கயே கணக்கத் தீக்கிறீங்களா?"

வியாழன் மத்தியானம் கப்பலைக் கரையில் கட்டினோம். மூன்று மணிக்கு எனக்குப் பதிலாக வரவேண்டிய அதிகாரி வந்தார். பெயர் ஜெனிட்டா, தரங்கம்பாடிக்காரப் பெண். ஒரு பெட்டி, ஒரு டிபன் கேரியர், முகத்தில் துளி அவசரமில்லை.

"அம்மா வஞ்சிர மீன் வறுத்துக் கொடுத்தாங்க சார். சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாமா?"

"சாப்பிட்டாச்சு," என்றேன். (திங்கட்கிழமை சாப்பிட்டது.) "ஆரம்பிச்சுடலாம்."

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, தேதி எழுதி, அதற்கு அடியில் கோடு போட்டார். அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இந்த வரைபடத் திருத்தமெல்லாம் எது வரைக்கும் போட்டிருக்கீங்க சார்?"

"எல்லாம் போட்டாச்சு, நோட்ல இருக்கு."

"இந்த ரேடியோ?"

"நோட்ல இருக்கு."

"மருந்தெல்லாம் ஒருதடவ எண்ணிப் பாத்துடலாமா? காலாவதித் தேதியும் பாக்கணும்."

அலமாரியில் நூற்றுக்கணக்கில் டப்பாக்கள். இவர் எண்ணுகிற வேகத்தில் பங்குனி பிறந்துவிடும். "போன வாரந்தான் எண்ணினேன்," என்றேன். அது நிஜம். "சாவிய வச்சுக்குங்க, நாளைக்கு நிதானமா பாருங்க." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் என் குறிப்பின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். 'குறைகள்: இல்லை.'

"ஒரு குறையும் இல்லாத கப்பலா சார்?"

"நல்ல கப்பல்ங்க."

அரை மனதாகக் கையெழுத்துப் போட்டார். நான் என் பெட்டியோடு இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட உருண்டேன் என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் இன்னொரு சாவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு முந்தின வைகாசியில், கப்பல் ஏறக் கிளம்பிய அன்று, குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போட்டுவிட்டு, பம்புசெட் கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். அதை அப்பாவிடம் கொடுக்கவேண்டும் என்பது சிங்கப்பூரில் நினைவுக்கு வந்தது. நாற்று காயாமல் இருக்க அப்பா கடப்பாரையால் பூட்டை உடைத்தார். போனில் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். அந்தச் சாவியை ஒன்பது மாதம் பத்திரமாக வைத்திருந்து, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவர் கையில் கொடுக்கவேண்டும் என்று கப்பலை விட்டு இறங்கிய வியாழக்கிழமை காலை சட்டைப் பையில் எடுத்து வைத்தேன். மருந்து அலமாரிச் சாவியும் அதே பையில்தான் இருந்தது. இரண்டும் பித்தளை, ஒரே நீளம், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், "இந்தாங்கப்பா, உங்க பம்புசெட் சாவி," என்று நீட்டினேன். அப்பா வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டார். மன்னித்துவிட்டார் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றவேண்டும். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், எதிரே நித்யா. ஐயர் நிச்சயப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தபோது என் போன் அடித்தது. அணைத்தேன். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது ஸ்டேஷன் மாஸ்டரே, "எடுங்க தம்பி, அவசரமா இருக்கும்," என்றார்.

"சார், ஜெனிட்டா பேசறேன். நீங்க கொடுத்தது எதோட சாவி சார்?"

"மருந்து அலமாரி."

"அது தொறக்க மாட்டேங்குது சார். சமையல்காரருக்குப் பல்வலி, கன்னம் வீங்கிப் போச்சு. மாத்திரை எடுக்கப் போனா சாவி உள்ளேயே போகல. மத்தியானம் ரெண்டு மணிக்கு இன்ஸ்பெக்ஷன் வேற. அதுக்குள்ள வரலைன்னா பூட்ட ஒடைச்சிட்டு, ஏன் ஒடைச்சோம்னு பதிவேட்டுல எழுதுவேன்னு கேப்டன் சொல்லிட்டார்." குரலைத் தாழ்த்தினார். "வாங்கிக்கிட்டேன்னு நானும் கையெழுத்து போட்டிருக்கேன் சார். எனக்கு இதான் இந்தக் கப்பல்ல மொத நாள்."

என் காதில் ஐயர் வாசிப்பது கேட்கவில்லை. "சாவி மாறிப்போச்சு," என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

"நேத்தே பாத்தேன், இது நம்ம சாவி இல்ல. நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பேச்சுன்னு விட்டுட்டேன்."

ஐயர் பத்திரிகையை மடித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் விசாரித்தார். மறைக்க வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷம் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் டைரியில் எழுதி, அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே நாற்காலியை விட்டு எழுந்தவர் அவர். என்னை அவர் பார்த்த பார்வையில் போர்டும் சாக்பீஸும் தெரிந்தன.

"அப்ப நீங்க சார்ஜ் கொடுக்காம வந்திருக்கீங்க."

"கொடுத்தேங்க. சாவி மட்டுந்தான்..."

"உங்க அவசரத்துக்கு இன்னொரு வீட்டுப் பொண்ணு கையெழுத்து போட்டுட்டு நிக்குது." அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "மொதல்ல அந்தச் சாவி போகட்டும். தட்டு மாத்தறதா வேணாமாங்கறத அப்புறம் பேசுவோம். நானும் வரேன்."

நான் செத்தேன். அப்போதுதான் நித்யா எழுந்தாள். "நானும் வரேன்," என்றாள். அவளுடைய அம்மா புடவையைப் பிடித்து இழுத்தார். "இன்னும் நிச்சயம் ஆகலையேம்மா. எங்க அப்பாவோட கார்ல போறேன், அவ்வளவுதானே," என்றாள் நித்யா.

முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர். பின்னால் நான், நித்யா, நடுவில் மலை மாதிரி அப்பா. அறுவடை முடிந்த மாசி மாதம். பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள். நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு நெல்லின் ஓரத்தில் சக்கரத்தை ஏற்றப் போனார். "நெல்லு மேல ஏத்தாதப்பா," என்று அப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

துறைமுக வாசலில் காவலர் என்னை உள்ளே விடவில்லை. நேற்றே கணக்கு முடித்து இறங்கியவனுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. பட்டு வேட்டியோடு நிலக்கரி லாரிகளுக்கு நடுவே நின்றேன். ஜெனிட்டா ஹெல்மெட்டோடு நடந்தே வந்தார். ஓடி வரவில்லை. ஒரு கையில் பம்புசெட் சாவி, அதற்கு நூல் கட்டி 'எதற்கென்று தெரியவில்லை' என்று சீட்டு தொங்கவிட்டிருந்தார். மற்ற கையில் என் ஒப்படைப்புக் குறிப்பு.

சாவிகள் கைமாறின. நான் மூச்சு விட்டேன்.

"அப்படியே வாங்கிக்காதம்மா," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "போய்த் தொறந்து பாத்துட்டு போன் பண்ணு. அதுவரைக்கும் இவரு இங்கயே நிப்பாரு."

ஜெனிட்டாவின் முகம் மலர்ந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற இன்னொரு ஆளைக் கண்டுவிட்டது போல அவரைப் பார்த்தார். தாளை அவரிடம் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக் கடைசிக் கட்டத்தைப் படித்தார்.

"ஒரு குறையும் இல்லாத கப்பலா?"

அங்கேயே, காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து, 'இல்லை' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: ரேடியோவில் இரண்டாவது பொத்தான் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். ஒரு மருந்து அடுத்த மாதம் காலாவதி. சாவியை மாற்றிக் கொடுத்தது என் தவறு. பெற்றுக்கொண்டவர் மீது தவறில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்த பரபரப்பு அந்தக் கடைசி வரியோடுதான் அடங்கியது.

இருபத்தைந்து நிமிஷம் வெயிலில் நின்றோம். போன் வந்தது. "தொறந்துடுச்சு சார். அவருக்கு மாத்திரை கொடுத்தாச்சு."

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். "என்னம்மா சொல்ற? உன் இஷ்டந்தான்."

நித்யா டீயை ஆற்றினாள். எனக்கு அந்த டீ ஆறும் என்ற நம்பிக்கை போய்விட்டது. கடைசியில் கைப்பையைத் திறந்து ஒரு கோடு போட்ட தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்கும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்க. அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் போதும். ஒண்ணு விடாம எழுதுங்க, படிச்சிட்டுச் சொல்றேன்."

எழுதினேன். சாவி மறதி. அவசரம். பொய்யில்லை, ஆனால் 'நோட்ல இருக்கு' என்று சொல்லித் தப்பிப்பது. அதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எழுதிக்க," என்று ஆரம்பித்தார். ஒன்பது மாதம் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசினார். தாள் திருப்பவேண்டி வந்தது. பூட்டு, கடப்பாரை, நாற்று மூன்றும் தனித்தனி வரியில் வந்தன.

நித்யா இரண்டு பக்கமும் படித்தாள். சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கீழே எழுதினாள்: 'மேற்கண்ட குறைகளுடன் பெற்றுக்கொண்டேன்.' கையெழுத்துப் போட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் அதை வாங்கி ஒருமுறை முழுக்க வாசித்து, சாட்சி என்று போட்டு, நேரமும் குறித்தார். அன்று எமகண்டம் கழிந்து ஐந்து மணிக்குத் தட்டு மாற்றினார்கள். காலையில் சமைத்த சாம்பாரைச் சூடு பண்ணிப் போட்டார்கள்.

அந்தத் தாள் இன்றும் எங்கள் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. புது விருந்தாளி யார் வந்தாலும் என் மாமனார் அதை எடுத்துவரச் சொல்லி, ரயில் அறிவிப்பு வாசிக்கிற குரலில் வாசிப்பார். நான் ஒவ்வொரு தடவை கப்பல் ஏறக் கிளம்பும்போதும் வாசலில் நித்யா என் சட்டைப் பை, பேன்ட் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாள்.

போன மாதம் கப்பல் ஏறி, அறையில் பெட்டியைத் திறந்தேன். துணிகளுக்கு நடுவில் எங்கள் பீரோ சாவி. உடனே வீட்டுக்கு போன் போட்டேன்.

"நீங்க பெட்டியில போடும்போதே பாத்தேன்," என்றாள் நித்யா. "கெளம்பற நேரத்துல எதுக்குப் பேச்சுன்னு விட்டுட்டேன். டூப்ளிகேட் போட்டு வச்சு ஆறு மாசம் ஆச்சு."