குளிருக்குக் காத்திருந்த மாமரம்

தைப்பொங்கல் கழிந்தும் அந்த வருஷம் கொழும்புக்குக் குளிர் வரவில்லை. மார்கழி விடியலில் மப்ளர் சுற்றுகிறவர்கள்கூட விசிறிக்குக் கீழே கிடந்தார்கள். வெள்ளவத்தையில் இதற்காகக் கலங்கியவர் இராசரத்தினம் ஒருவர்தான். குளிர் இல்லாவிட்டால் அவருடைய மாமரம் பூக்காது. மரம் பூக்காவிட்டால் வீடு போய்விடும்.

ஒழுங்கையில் எஞ்சியிருந்த ஒரே தனி வீடு அது. இடித்து அடுக்குமாடி பிளட்ஸ் கட்டக் கொடுப்போம் என்று மனைவி சிவக்கொழுந்து ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. மாசி பிறக்குமுன் மரம் பூத்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைக்க வேண்டும்.

மரமோ வெளிச்சம் தேடி, பக்கத்து பிளட்ஸின் மூன்றாம் மாடி வரை போயிருந்தது. கீழே நின்றால் இலைதான் தெரியும். விழுந்த பூ ஏதும் கிடக்கிறதா என்று இராசரத்தினம் காலையில் முற்றத்தைப் பார்ப்பார். சிவக்கொழுந்து அதற்குள் துப்புரவாகக் கூட்டியிருப்பாள்.

வராத குளிரை நாமே கொடுப்போம் என்று மீன்கடையில் ஐஸ் வாங்கிவந்து வேரடியில் கொட்டினார். மரத்துக்குக் குளிர்ந்ததோ என்னவோ, மீன் மணத்துக்கு ஒழுங்கைப் பூனைகள் எல்லாம் வந்து குடியேறின.

புகை போட்டால் பூனையும் ஓடும், பூவும் வரும் என்று சருகைக் குவித்துக் கொளுத்தினார். பிளட்ஸில் யாரோ பயந்து தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவர்களுக்கு அவர் தெரிந்த சிங்களத்தில் மாமரத்தின் கஷ்டத்தைச் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தண்ணீர் அடித்தார்கள். பூப்பதற்கு வேர் காய வேண்டிய மரம் சொட்டச் சொட்ட நின்றது.

இனி வெருட்டுவதுதான் மிச்சம். பூக்காத மரத்தை ஒருவர் கோடரியோடு வெட்டப் போக, இன்னொருவர் மறித்து, இந்த முறை விடுங்கோ, பூக்கும் என்று பிணை நிற்க வேண்டும். மரம் பயந்து பூத்துவிடுமாம். மறிக்கிற வேலை மனைவிக்கு.

தை மாதத்தின் கடைசி நாள் இராசரத்தினம் கோடரியோடு வந்தார்.

"உன்னை இண்டைக்கு அடியோட வெட்டிப் போடுறன்."

சிவக்கொழுந்து ஒதுங்கி வழிவிட்டாள்.

"மறியுமப்பா," என்றார் மெதுவாக.

"எனக்குப் பொய் சொல்ல வராதப்பா."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. வீடும் போய், மரமும் போய், இனி என்ன என்று கோடரியை நிசமாகவே ஓங்கினார்.

"வெட்ட வாணாம் அங்கிள்." பக்கத்து பிளட்ஸ் பிள்ளை ரிஸ்னா மூன்றாம் மாடி பல்கனியில் பதறிக்கொண்டு நின்றாள். "மேல முழுக்கப் பூத்திருக்கு. போன கிழமையே ஆன்ட்டிக்குப் போட்டோ அனுப்பினேன். அங்கிளுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும், வாயத் திறக்காதேண்டு சொன்னாங்க."