மெயின் பெட்டி உன் பக்கம் இருப்பதால் எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. மேலே 'அன்புள்ள' என்று இருப்பது கடிதம் எழுதும் முறைக்காக. அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நலமா என்று கேட்பது மரியாதை. ஆனால் நீ தும்மினால்கூட இந்தப் பக்கம் கேட்கிறது, ஆகையால் நலம்தான் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். நமக்கு நடுவில் இருப்பது ஒன்பது அங்குலச் சுவர். இந்தக் கடிதமோ பெரிய தபால் நிலையம் வரை போய், முத்திரைக் குத்து வாங்கி, மூன்று நாள் ஊரைச் சுற்றிவிட்டு உன் வாசலுக்கு வரும். வரட்டும். நான்கு வருடம் பேசாமல் இருந்தவனுக்கு மூன்று நாள் பெரிதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தம்பிக்குக் கொடுத்து இன்னொரு தம்பிக்குக் கொடுக்கவில்லை என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, நம் அக்கா போன வருடம் வந்தபோது உனக்கொரு பெட்டி எனக்கொரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனாளே, உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்குப் போடும் சாதனம், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாகக் கம்பி இழுக்க வேண்டாம், சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரண்ட் கம்பி வழியாகவே பொத்தானிலிருந்து விளக்குக்குச் சைகை போய்விடும் என்றாள். என் முழங்கால் இருக்கிற இருப்புக்கு அது வரம் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் குப்பை கொட்டியவனுக்குச் சைகையைப் பற்றிப் பாடமா என்று, கூட வந்த புத்தகத்தைப் பிரிக்காமலே எல்லாவற்றையும் மாட்டினேன். நீயும் பிரித்திருக்க மாட்டாய். அந்த ஒரு விஷயத்தில் நாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

முதலில் வாசல் விளக்கு மக்கர் செய்தது. பொத்தானை அமுக்கினால் எரியாது. அலுத்துப்போய் விட்டால் தானாக எரியும். பல்பை மாற்றினேன். பல்பு மாட்டும் ஹோல்டரை மாற்றினேன். ஸ்டூலில் ஏறி இறங்கி இடுப்பையும் கிட்டத்தட்ட மாற்ற வேண்டியதாகிவிட்டது. கடைசியில், காதில் எப்போதும் டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிவாரே, அதனாலேயே டெஸ்டர் என்று பெயர் வாங்கிய எலெக்ட்ரீஷியன், அவரைக் கூப்பிட்டேன். அவர் வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் பிடுங்கச் சொன்னார். டிவி, மிக்ஸி, ஃபிரிட்ஜ், உன் அண்ணியின் தையல் மெஷின் எல்லாம் பிடுங்கியாயிற்று. பிறகு ஒவ்வொன்றாகச் சொருகிச் சொருகிப் பொத்தானை அமுக்கிப் பார்த்தோம். பதினான்காவதாகச் சொருகியது என் போன் சார்ஜர். விளக்கு செத்துப்போயிற்று. "சார், இதுதான் திருடன். சைகையக் கம்பியிலேயே முழுங்கிடுது" என்றார். என் பிளக்கை நானே சந்தேகப்படாமல் இருந்ததற்கு உன் அண்ணி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது. சார்ஜரை மாடிப்படிக்கு அந்தப் பக்கம் நாடு கடத்தினேன். வாசல் விளக்கு சொன்னபடி கேட்டது.

அத்தோடு பீடை ஒழிந்தது என்று உட்கார்ந்தால், அடுத்து ஹால் விளக்கு. அது யாரும் தொடாமலே எரிந்தது, யாரும் சொல்லாமலே அணைந்தது. நான் பழைய பழக்கத்தை விடாமல் ஒரு நோட்டில் ஒன்பது நாள் நேரம் குறித்தேன். விடியற்காலை நாலே முக்காலுக்கு எரியும், ஐந்துக்கு அணையும். மறுபடி ஐந்தே காலுக்கு. மறுபடி ஆறுக்கு. ஒன்பதாம் நாள், விளக்கு எரிந்த அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. என் ஹால் விளக்கு உன் குளியலறைப் பொத்தானுக்குக் கட்டுப்பட்டது! நீ எழுந்தால் நானும் எழ வேண்டும். நீ போனால் நானும் கூடவே வந்த மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். காலையில் மூன்று தடவை போகிறாயே, சர்க்கரை பார்த்தாயா? நான் அக்கறையில் கேட்கவில்லை, என் தூக்கம் கெடுகிறது.

டெஸ்டர் மறுபடி வந்து திருகுச் சக்கரத்தைக் காட்டினார். ஒவ்வொரு சாதனத்திலும் ஒரு சின்னச் சக்கரம், அதில் பதினாறு ஆங்கில எழுத்து. ஒரு வீட்டுக்கு ஒரு எழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாமே 'ஏ'யில் இருக்குமாம். புத்தகத்தைப் பிரிக்காத இரண்டு மகானுபாவர்களும் 'ஏ'யிலேயே விட்டுவிட்டோம். "ரெண்டு வீடா இருந்தாலும் கம்பி ஒண்ணுதான் சார். நடுவுல சுவர் எழுப்பினது கொத்தனார். அது கரண்டுக்குத் தெரியாதே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குக் காபி கொடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததை ஒளிக்க விரும்பவில்லை. நீ காலை ஏழரைக்குச் சவரம் செய்வது எனக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஏழே முக்கால் வரை என் பொத்தானைப் பன்னிரண்டு தடவை அமுக்கினேன். எட்டு மணிக்கு நீ தாடையில் மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். அன்று எனக்கு இட்ட சாப்பாடு நன்றாக இறங்கியது. நீ மட்டும் சளைத்தவனா? என் பழைய மேலதிகாரி குடும்பத்தோடு வந்து, என்னைப் பற்றி வாழ்க்கையிலேயே முதல்தடவையாக நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்த நேரத்தில் ஹால் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாய். அவர் சொல்லவந்ததைப் பாதியில் நிறுத்தி, "வீட்ல வயரிங் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். மீதிப் பாதி என்னவென்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

சரி, நாமே விலகிப் போவோம் என்று எழுத்தை மாற்றினேன். 'எஃப்' வைத்தேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் நாலே முக்காலுக்கு ஹால் விளக்கு. 'ஜே' வைத்தேன், ஒரு நாள்தான். 'எம்' வைத்தேன், மத்தியானம் வைத்து சாயங்காலம் வந்துவிட்டாய். நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா? டெஸ்டர்தான் உளவு சொல்கிறார் என்று அவரிடமே கேட்டேன். "நான் ரெண்டு பக்கமும் வயரத்தான் சார் இழுப்பேன், வார்த்தைய இழுக்க மாட்டேன்" என்று கோபித்துக்கொண்டு போனார். ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனின் மனத்தையும் உன்னால் புண்படுத்தினேன்.

தம்பி, விளக்கு ஒரு சாக்கு. மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதம் அவளைப் புரட்டிப் படுக்கவைத்ததும் துடைத்துவிட்டதும் நானும் உன் அண்ணியும். அவள் போன மறுநாள், ஹால் நிறைய சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, "வேளாவேளைக்கு மருந்து குடுத்தீங்களா இல்லியா?" என்று கேட்டாய் நீ. ஒரு வார்த்தைதான். அந்த ஹாலின் நடுவில்தான் இப்போது சுவர் நிற்கிறது. ஜன்னலுக்குக்கூட ஆளுக்கொரு கதவாகப் பிரித்தோமே, அந்த வார்த்தையை மட்டும் முழுசாக என் பங்கில் தள்ளிவிட்டுப் போய்விட்டாய். மூன்று மாதம் முன்பு எனக்கு மூச்சடைத்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். யாரோ எவரோ, எதிர்வீட்டுக்காரர், என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார். கூடப் பிறந்தவன் ஒன்பது அங்குலம் தள்ளி இருந்துகொண்டு வந்து எட்டிப் பார்க்கவில்லை. நான் கண்ணை மூடினாலும் உனக்கு ஒரு விளக்கு மிச்சம், அவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். சைகை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குத் தாண்டாமல் அடைக்க ஒரு தடுப்பு விற்கிறார்கள், வாங்கிவிட்டேன். அதை மெயின் பெட்டியில்தான் பொருத்த வேண்டும். பாகம் பிரித்தபோது மெயின் பெட்டி உன் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டெஸ்டர் வருவார். நான் வர மாட்டேன். நீ கதவைத் திறந்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள். இத்துடன் வைத்துள்ள தாளில் உனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடு. இது ஒன்றுதான் நமக்குள் மிச்சமிருந்த ஒட்டு, அதுவும் அறுந்தால் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

உனக்கும் உன் மனைவிக்கும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும் என்று பெரியவன் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன். முறைக்காகச் செய்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான், பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிப் போன உன் அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டாள். படித்தவள் தபால்தலையை ஒட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "டெஸ்டர் மேல ஏன் பழி போடுறீங்க? நீங்க எழுத்த மாத்தினதும் கொல்லைப்பக்கம் போய் உங்க தம்பி பொண்டாட்டிகிட்ட சொன்னது நான்தான். அவ சொல்லி உங்க தம்பி மாத்தி வச்சாரு" என்றாள். எதற்கடி என்று கேட்டேன். "அன்னிக்கு உங்களுக்கு மூச்சு அடைச்சப்போ எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கத்தினேன், சத்தமே வரல. கைக்கு எட்டினது அந்தப் பொத்தான்தான். அமுக்கிக்கிட்டே இருந்தேன். அவங்க வீட்டு விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுருக்கு. உங்க தம்பி இந்த வயசுல சுவரேறிக் குதிச்சு வந்தாரு. உங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு வண்டி வரைக்கும் ஓடினது அவர்தான். எதிர்வீட்டுக்காரர் வண்டிய மட்டுந்தான் ஓட்டினாரு. நாலு நாளும் உங்க தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் இருந்தாரு. உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன், வரல. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி, தெரிஞ்சா அவருக்குப் பிடிக்காதுன்னு சொல்லிட்டாரு."

எதிர்வீட்டுக்காரருக்கு நான் இரண்டு தடவை வீடு தேடிப் போய் நன்றி சொன்னேன். அந்த மனுஷனும் இரண்டு தடவையும் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை டெஸ்டர் வந்தால் திருப்பி அனுப்பிவிடு. தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் கிழித்துவிடு. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முதல் வரிக்கு மேல் ஓடவில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். தெரிந்தால் எனக்குப் பிடிக்காது என்று நீ நினைத்தது சரிதான், தம்பி. அன்றைக்கே தெரிந்திருந்தால் உன் தோளிலிருந்து இறக்கிவிடச் சொல்லியிருப்பேன். மூச்சு இல்லாவிட்டாலும் அதைச் சொல்ல மட்டும் மூச்சு வந்திருக்கும். அப்படிப்பட்ட அண்ணன் என்று தெரிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய்.