காலை ஒன்பதரை மணிக் கடமை

தெருமுனைப் பெரியவரைத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜீப்பில் ஏற்றியபோது, விட்டது சனியன் என்றுதான் ஏட்டு நினைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் முனை சுத்தமாகாவிட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். மகளுக்குப் பரீட்சை நேரம். இப்போது ஊர் மாறினால் அவள் படிப்பு அம்பேல்.

"தினமும் அங்க எதுக்குய்யா உட்கார்ந்திருக்கே?"

"வீட்டுக்காகக் காத்திருக்கேன் ஐயா."

"வீடு என்ன பஸ்ஸா, காத்திருந்தா வர்றதுக்கு?"

ஜீப்பே சிரித்தது. அதற்குப்பின் பெரியவர் வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷன் எல்லை தாண்டி, நல்ல மழையில் இறக்கிவிட்டார்கள். சட்டம் ஒழுங்கு காப்பாற்றப்பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அதே முனையில் அதே பெரியவர், அதே மூட்டை. இருமல் மட்டும் புதுசு. இந்த முறை ஏட்டு வழக்கே போட்டார். 'வசிப்பிடம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஸ்டேஷனே கூடி மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஸ்டேஷன் முகவரியையே எழுதிவைத்தது. நீதிபதி எச்சரித்து அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை ஒன்பதரைக்குப் பிடித்து லாக்கப்பில் வைத்தார்கள். சிமெண்ட் தரையில் இருமல் முற்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். தப்பிவிடுவாரோ என்று கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ். எழுந்து உட்கார முடியாத மனிதருக்கு மந்திரிக்குரிய பாதுகாப்பு. அந்த இரண்டு பேர் ரோந்துக்கு வராததால் வியாழக்கிழமை கடைத்தெருவில் இரண்டு பூட்டுகள் உடைந்தன. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், காவலர்கள் டீ குடிக்கப்போன நேரத்தில் பெரியவர் நழுவிவிட்டார். எங்கே என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. ஒன்பதரைக்கு முனையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார் ஏட்டு.

"ஏன்யா என் உயிரை வாங்கறே? மெத்தையை விட்டுட்டு வர்ற அளவுக்கு அங்க என்னதான் இருக்கு?"

பெரியவர் இருமினார். அந்த உடம்பு நடுங்குவதைப் பார்த்ததும் ஏட்டுக்கே வெட்கமாகப் போயிற்று. தன் டீயை அவரிடம் நீட்டினார்.

அப்போது ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தார். வீடில்லாதவர்களுக்கு அறை ஒதுக்கும் அலுவலகமாம். ஒருவரைத் தேடி வந்தவர், பெஞ்சில் இருந்த பெரியவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இவரேதான் சார். இவர் ரூம் சாவியோட திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் பத்து மணிக்கு அந்த முனைக்கு வர்றேன். இன்னிக்குத்தான் அங்க சொன்னாங்க, நீங்கதான் ஒன்பதரைக்கே கூட்டிட்டுப் போயிடறீங்களாமே?"