பசுந்தாங் கிரிக்கெட் சங்கத்தின் வருடப் பலன்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதைச் சொன்னால் என் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பொய் சொல்கிறவனுக்கு, நடந்தது என்ன என்பது முதலில் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். பிறகுதான் அதை மாற்றிச் சொல்ல முடியும். எனக்கு அந்த முதல் பாதியே ஒழுங்காக வந்ததில்லை. நடந்ததற்கும் நான் கண்ட கனவுக்கும் இடையே வேலி போடாமலேயே என்னைப் படைத்துவிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. ஊரின் கிழக்கே, பசுந்தாங் பேட்டையில் தமிழர்கள் நடத்திய ஒரு கிரிக்கெட் சங்கத்தில் எனக்கு மூன்று பதவிகள் இருந்தன. நான்தான் காரியதரிசி, எங்கள் பக்கம் ஆடும்போது ரன் எழுதுகிறவன், எதிர்ப்பக்கம் ஆடும்போது எல்லைக்கோட்டில் நிற்கிறவன். மூன்றாவது பதவி எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், அந்த மூலைக்குப் பந்து வராது என்பதுதான். (வந்த நாட்களில் அதை நான் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அந்த மூலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொக்குகிறது. முதுகுக்குப் பின்னால் பசுந்தாங் ஓடை. அரிசி மில்லின் புகைபோக்கியிலிருந்து புகை ஒரு அவசரமும் இல்லாமல் கிளம்பி, ஆற்றைத் தாண்டி அக்கரைச் சிரியம் ஊர்ப் பக்கம் போகும். சம்பான் படகுகள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று சொல்லவே முடியாது. மாசி மாத வெயிலில் எல்லாம் தங்கப் பூச்சுப் பூசியது போல் இருக்கும். ஒருமுறை எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஏதோ விக்கெட் விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கேப்டன் கோவிந்தசாமி அண்ணன். அதே மில்லில் இஞ்சின் டிரைவர். நாங்கள் ஆடிய மைதானம் மில்லுக்குப் பின்னால் கிடந்த காலி நிலம். அதை மைதானமாக்கியது அவர்தான். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் வந்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, பழைய பாய்லர் குழாயில் மண்ணடைத்து உருளை செய்து, இரண்டு வருடம் தனியாளாக இழுத்தார். நடுவில் தென்னைநார்ப் பாயை விரித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்க்கும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் அவருக்கென்று இருந்தது அந்த நிலம் ஒன்றுதான்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் மில் முதலாளி ஊ சான் மாங். பர்மியர். மில் முற்றத்திலேயே வளர்ந்ததால் தமிழை எங்களைப் போலவே பேசுவார், திட்டுவதில் எங்களைவிடச் சரளம். ஆனால் எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. கிரிக்கெட் பருவமும் நெல் கொள்முதல் பருவமும் ஒன்றே. நாங்கள் ஆடும் மாதங்களில் அவர் படகில் ஆற்றின் மேல்பக்கம் போயிருப்பார். எங்கள் அதிர்ஷ்டமே அதுதான் என்று சொல்ல வேண்டும்.

நான் சொல்ல வந்த பருவத்தில் ஆறு ஆட்டம் ஆடி ஐந்தில் தோற்றோம். ஜெயித்தது சிரியம் அணியுடன். அவர்கள் வந்த லாஞ்சு மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டது. ஓடை முகத்திலிருந்து பார்த்தபோது தூரத்தில் கையசைத்தார்கள். நாங்களும் மரியாதையாகக் கையசைத்துவிட்டு வந்து, வெற்றி என்று எழுதிக்கொண்டோம். (உதவிக்குக் கூப்பிட்டார்களாம். பிறகு தெரிந்தது.)

பங்குனியில் முதலாளி திரும்பி வந்ததும் அண்ணனையும் என்னையும் கூப்பிட்டார்.

"கோவிந்தசாமி, ஒனக்கு நெலம் குடுத்து அஞ்சு வருஷமாச்சு. எனக்கு உமி கொட்ட எடமில்ல. ஜெயிக்கிற ஆளுங்கன்னா ஆடுங்க. இல்லாட்டி உமி கொட்டிருவேன். வருஷப் பொறப்பு அன்னிக்கு அறிக்கை படிப்பீங்கல்ல? கேட்டுட்டுச் சொல்றேன்."

சித்திரை முதல் நாளில் மில் கிடங்கில் தமிழ்த் தொழிலாளர்கள் பூஜை போட்டுப் பஞ்சாங்கம் படிப்பார்கள். அதே மேடையில் எங்கள் சங்கத்தின் அறிக்கையும் படிக்கப்படும். முதல் பாதி, முடிந்த பருவத்தின் கதை. இரண்டாம் பாதி, வரப்போகும் பருவம் எப்படியிருக்கும் என்பது. பஞ்சாங்கத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததாலோ என்னவோ, அந்தப் பாதிக்கு வருடப் பலன் என்றே பெயர் வந்துவிட்டது.

நானும் அண்ணனும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினோம். "வெற்றி எங்களை நெருங்கி வந்து நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிச் சென்றது" என்று நான் தொடங்கியதை அண்ணன் உடனே அடித்தார்.

"டேய் ரங்கா, நடந்தத நடந்த மாதிரி எழுது. தோத்தோம்னு போடு. கடைசில கும்புட்டு இன்னும் ஒரு வருஷம் கேளு. மொதலாளி நல்ல மனுஷன். நெசத்தச் சொன்னா குடுத்துருவாரு."

அப்படியே எழுதினேன். மசி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்த ஊதா மசியில், நான்கு பக்கம், என் வாழ்நாளிலேயே எழுதிய ஒரே உண்மையான ஆவணம்.

ரங்கூன் வாசிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் சித்திரைப் பிறப்பும் பர்மியரின் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவும் சேர்ந்தேதான் வரும். அன்று தெருவில் போகிற யார் மேலும் யாரும் தண்ணீர் ஊற்றலாம். கோபிக்கக் கூடாது. அதனால் அன்று காகிதத்தோடு வெளியே கிளம்புகிறவன் அதை மெழுகுசீலையில் சுற்றிக்கொள்வான். நானும் மெழுகுசீலை எடுத்தேன். அதில் சுண்ணாம்பு பூசிய என் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தைப் பத்திரமாகச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். மேடையில் நிற்கப் போகிறவனுக்குச் சப்பாத்து முக்கியம். அறிக்கையைச் சட்டைப் பையில் வைத்தேன்.

தெருவில் கூட்டம், சிரிப்பு, வெயிலில் பளபளக்கும் வெள்ளிக் கிண்ணங்கள். நான் எதையும் பார்க்கவில்லை. அடுத்த பருவத்தில் நான் அடிக்கப் போகும் ஓர் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து புகைபோக்கிக்கு மேலே எழும்பி இறங்க மனமில்லாமல் மிதந்தது. அப்போது ஒரு பெண் என் முன்னால் வந்து கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, ஊர் வழக்கப்படி அனுமதி கேட்டாள்.

"அண்ணே, ஊத்தட்டுமா?"

"தாராளமா" என்றேன். அவள் ஊற்றினாள். அவள் தோழிகள் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்கும் தாராளமா என்றேன். மூன்றாவதாக ஒருத்தி குடத்தோடு வந்தாள். அவளுக்குக் கைகூப்பித் தலையையும் குனிந்து கொடுத்தேன்.

கிடங்கில் பஞ்சாங்கம் படித்து முடித்திருந்தார்கள். முன் வரிசையில் பட்டு லுங்கியும் தலைப்பாகையுமாக முதலாளி. பக்கத்தில் அண்ணன். நான் உலர்ந்த சப்பாத்தை அணிந்து, மேடையேறி, சட்டைப் பையில் கை விட்டேன். ஊதா நிறத்தில் ஒரு களி வந்தது. மார்பெல்லாம் ஊதா. நான்கு பக்க உண்மை சட்டையில் இறங்கியிருந்தது.

அண்ணன் மேடையருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஞாபகத்துல இருக்கறதச் சொல்லுடா!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஞாபகத்தில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். சத்தியமாக அவ்வளவுதான் செய்தேன்.

ஆற்றில் பனி விலகாத காலையில் அண்ணன் மட்டையோடு நடந்து வந்ததைச் சொன்னேன். முதல் பந்தை அவர் தொட்டதுதான் தெரிந்தது. அது புல்லின் மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கியதையும், சம்பான்காரர் ஒருவர் துடுப்பை நிறுத்திவிட்டு அதைப் பார்த்ததையும் சொன்னேன். வெயில் ஏற ஏற ரன்கள் ஏறின. எதிர் அணிக்காரர்களே கை தட்ட மறந்து நின்றார்கள். கொக்குகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தன. சாயங்காலம், எல்லைக்கோட்டின் மூலையில் நான் ஒரு காட்ச் பிடித்தேன். பந்து வானத்திலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, என் கைக்கென்றே வந்தது.

நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்தேன். அண்ணன் என்னை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்போது அவர் தொண்ணூற்றிரண்டில் இருந்தார். நூறை நெருங்கிக்கொண்டிருக்கும் எந்த மனிதனும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல மாட்டான். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அதோடு இறங்கியிருக்கலாம். வருடப் பலன் பாக்கியிருந்தது. "வரும் பருவத்தில் நமக்குக் குரு பலம் பூரணம். வெள்ளைக்காரர்களின் அணியையே நாம் வெல்வோம். அந்தக் கோப்பை முதலாளியின் மேஜையில் இருக்கும்" என்று ஓதி முடித்தேன்.

ஊ சான் மாங் எழுந்தார். முகம் முழுக்க வெளிச்சம்.

"அதுக்கு ஏன் அடுத்த வருஷம்? மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. என் அரிசி வாங்குற கம்பெனித் தொரைங்ககிட்ட டீம் இருக்கு. ஞாயித்துக்கெழம வரச் சொல்றேன். நானே ஒக்காந்து பாக்குறேன்!"

அண்ணனின் கலங்கிய கண்கள் அப்படியே உலர்ந்து போனதை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலாளி பிரம்பு நாற்காலியில், மனைவி மக்களோடு உட்கார்ந்திருந்தார். முதலில் நாங்கள் ஆடினோம். அண்ணன் மூன்றாவது பந்தில் அவுட். மொத்த அணியும் ஆடி முடித்த நேரம், நான் அறிக்கை சொன்ன நேரத்தைவிடக் குறைவு. பிறகு துரைகள் ஆடினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். அது என் மூலையை நோக்கி வந்தது. வானத்திலிருந்து மெதுவாக, மிக மெதுவாகத்தான் வந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ரசித்துக்கொண்டே நின்றேன். அது என் தோளில் பட்டுக் கோட்டைத் தாண்டியது. நல்ல அடி என்று கை தட்டினேன். (தட்டியது நான் மட்டும்தான் என்பது சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது.)

ஆட்டம் முடிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்கு நீ சொன்ன ஆட்டம் எங்க?"

"நான் பார்த்ததுங்க ஐயா."

"பொய்யா?"

"இல்லீங்க. கனா."

அவர் மைதானத்தை ஒருமுறை பார்த்தார். அண்ணனைப் பார்த்து, "நெசத்தச் சொல்லிக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே கோவிந்தசாமி" என்றார். நாற்காலியை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உமி வண்டிகள் வந்தன. அண்ணன் இஞ்சின் அறை வாசலில் நின்று பார்த்தாராம். தென்னைநார்ப் பாயை மட்டும் முன்கூட்டியே சுருட்டி எடுத்து வைத்திருந்தார். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டார். எனக்கு வெட்கமும் வேதனையுமாக இருந்தது. ஒரு மனிதரின் இரண்டு வருட விடியற்காலைகளை நான் கண்ணை மூடிக்கொண்டு பேசியே தொலைத்துவிட்டேன். காரியதரிசிப் பதவியை விடுவதாகக் கடிதம் எழுதினேன். அதை வாங்கிக்கொள்ளச் சங்கமே இல்லை.

அடுத்த பங்குனியில் மில்லிலிருந்து ஆள் வந்தது. வருடப் பிறப்புக்கு நான் கட்டாயம் வரவேண்டுமாம், பருவ அறிக்கை படிக்கவேண்டுமாம், முதலாளி உத்தரவு. போன வருடம் கேட்டதிலிருந்து அவர் வீட்டில் எல்லோரும், அப்புறம் அந்த அணி என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். நாங்கள் அந்த வருடம் ஒரு பந்துகூட வீசவில்லை. பாவம் செய்தவன் தண்டனையை வாங்கிக்கொள்வதுதான் முறை என்று, வருகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் என் அலுவலக வாசலில் கோவிந்தசாமி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. என் முகத்தைப் பார்க்காமல், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அறிக்கை படிக்கப் போறியாமே."

"ஆமாண்ணே. மன்னிச்சிருங்கண்ணே."

"அது கெடக்கட்டும்." கொஞ்சம் தயங்கினார். "எனக்கு நூறெல்லாம் வேணாம். எழுவது போதும்டா. நடுவுல ஒரு காட்ச் விட்டுட்டேன்னு சேத்துக்க. அப்பத்தான் நம்புவாங்க."

இன்றுவரை எங்கள் வீட்டில் அந்த வார்த்தை வழங்குகிறது. கடைக்குப் போய் வந்து நான் எதையாவது விவரிக்க ஆரம்பித்தால் போதும், என் மனைவி தட்டை வைத்துக்கொண்டே, "எழுபது போதும்" என்பாள். பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு வந்து அளந்தால் அவர்களுக்கும் அதே. மருமகன் பெண் பார்க்க வந்த அன்று தன் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச, உள்ளேயிருந்து நாலு குரல் ஒன்றாகக் கேட்டது.

எங்கள் சங்கம் உமிக்குள் புதைந்த பிறகு பல பருவங்கள் ஒரு தோல்வியும் இல்லாமல் ஆடியது; ஒவ்வொரு சித்திரையிலும் நான்தான் அறிக்கை படித்தேன். அண்ணன் கேட்ட எழுபதை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. அந்த முதல் வருடம் மேடையேறிக் கண்ணை மூடியதும் அவர் பனியிலிருந்து நடந்து வந்தார். நூற்றிருபது அடித்தார். கடைசிவரை அவுட் ஆகவே இல்லை.