பயணம் என்று நான் சொன்னது

ஒரு கல்யாணத்தில் பேசியே மாப்பிள்ளையின் வேலையைப் பறித்தவன் நான். ஆறு வருடம் ஆகிவிட்டது. எழுத்தில் ஒப்புக்கொள்வது இப்போதுதான்.

செங்கல்பட்டில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தினேன். பாடத்தில் ஒரு நீண்ட கதைப்பாடல் உண்டு. அகேடியா என்ற பகுதியின் உழவர்களைப் பற்றியது. ஒரு பெண்ணுக்கும் பையனுக்கும் கல்யாணம் நிச்சயமான கையோடு, பட்டாளம் வந்து ஊரையே கப்பலேற்றி விரட்டுகிறது. அவள் ஒரு கப்பலில், அவன் வேறொன்றில். ஆயுள் முழுக்கத் தேடுகிறாள். கிழவியான பிறகு, ஓர் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் அவனைக் கண்டுபிடிக்கிறாள். நான் குரல் தழுதழுக்கப் படிப்பேன். ஒரு மாணவனும் அழுததில்லை. (இரண்டு பேர் குறட்டை விட்டதுண்டு.)

என் நண்பர் காதர் பாய்க்குக் கோவளத்தில் மளிகைக் கடை. மகள் ரெஹானாவின் நிக்காஹ் முடிந்ததும் மைக்கை என் கையில் கொடுத்தார்.

"வாத்தியாரே, ரெண்டே நிமிசம். பிரியாணி ஆறிக்கினு கீது."

நான் அந்தக் கதையை ஆரம்பித்தேன். காதலின் உறுதியைச் சொல்லத்தான். 'கப்பலேற்றினார்கள்' என்பது மேடைக்குக் கரடுமுரடாகப் பட்டது. "மாப்பிள்ளை பயணம் போனான், திரும்பவே இல்லை" என்று அழகுபடுத்தினேன்.

அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பயணம் என்றால் வெளிநாட்டு வேலைக்குப் போவது. மாப்பிள்ளை அன்வர் பன்னிரண்டாம் நாள் துபாய்க்குப் பயணம் போக இருந்தான். எனக்கு அந்தச் சொல்லின் பொருளும் தெரியாது, அவன் விசாவும் தெரியாது.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு நாலைந்து. முப்பது வருடம் கழித்து எனக்கு ரசிகர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தினேன். ஆஸ்பத்திரி, கடைசி மூச்சு, எதையும் விடவில்லை. காதர் கண்ணால் ஜாடை காட்டினார். அவரும் உருகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் அவரே மைக்கைப் பிடுங்கினார்.

"இன்னா மனுசன்யா நீ! கல்யாண வூட்ல மவுத்து சேதி, சாவு சேதி சொல்லிகினு கீறியே!"

ரெஹானா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "அவரு பயணம் போவக்கூடாது அத்தா. போனா நான் அவுங்க வூட்டுக்குப் போவமாட்டேன்."

விமானம் அவனில்லாமல் போயிற்று. அந்த வேலை வேறொருவனுக்குப் போயிற்று. அன்வர் சிறுசேரி கம்பெனி ஆட்களுக்கு டாக்சி ஓட்ட ஆரம்பித்தான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. (அதுவரை மளிகையைக்கூட வேறு கடையில் வாங்கினேன்.) போனபோது அவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வுடு சார். போயிருந்தா என் பொண்ணு நடக்கறத வீடியோலதான் பாத்திருப்பேன்" என்றான். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தான். திரும்பாமலே, "ஆனா ஒரு தபா போய்ப் பாத்திருக்கலாம்" என்றான்.

இன்றும் டிராபிக்கில் மாட்டி அவன் தாமதமாக வந்தால், ரெஹானா வாசலிலேயே நிறுத்தி, "இன்னா, வாத்தியாரு பயணம் அனுப்பி வுட்டாரா?" என்று கேட்கிறாள். வீடே சிரிக்கிறது. நான் அங்கே இருந்தால், அன்வர் சிரிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் சிரிக்கிறேன்.