நெய்தல் நகர் வாசலில் லத்தீன்

ரோமாபுரியில் கிளம்பிய நாகரிகம், வழியில் எங்கும் நிற்காமல் நேராக வந்து இறங்கிய இடம் மாமல்லபுரம் சாலையிலுள்ள நெய்தல் நகர். இறக்கிவைத்தவர் ஜான்சன். அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் குருமடத்தில் லத்தீன் படித்தவர். அணுவைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. லத்தீனைப் பற்றிப் பேசாத நாளில்லை.

நகருக்கு ஒரே 'களங்கம்', வாசலில் நின்ற சரோஜாவின் மீன் வறுவல் வண்டி. வெள்ளைக்காரர்களுக்காகப் போனில் மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் பலகை எழுதியிருந்தாள். அதன்படி, அங்கே வாடிக்கையாளர்கள் சுடச்சுட வறுத்துத் தரப்படுவார்கள். குழந்தைகள் அரை பிளேட்.

குடியிருப்போர் நலச்சங்கம் அவசரமாகக் கூடியது.

"மானம் போவுது சார். வெளிநாட்டுக்காரன் நின்னு நின்னு போட்டோ எடுக்கிறான்," என்றார் தலைவர் பக்தவத்சலம்.

'சாப்பிட்டுட்டுத்தானே எடுக்கிறான்' என்று ஜான்சனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். மாலையானால் அவர் சரோஜாவிடம் நெத்திலி தின்பது தெருவுக்கே தெரியும். சங்கத்துக்கு மட்டும் தெரியாது.

அந்தப் பலகையின் தோஷம் கழிய, வாசலில் லத்தீன் வாசகம் ஒன்றைப் பொறிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம். எழுதித் தருபவர் ஜான்சன்.

வீட்டுக்கு வந்து யோசித்தார். அன்று குருமடத்துத் தகரக் கூரையில் மழை. பாதர் ஸ்கேலால் மேஜையைத் தட்டத் தட்ட, வகுப்பே ராகம் போட்டுப் பாடிய முதல் பாடம். அது அப்படியே தித்திப்பாக வந்தது. இரண்டாம் பாடத்துக்குள் ஜான்சனுக்கு அம்மை போட்டு, ஊர் திரும்பிவிட்டார். வந்ததை எழுதிக் கொடுத்தார்.

மாமல்லபுரத்துச் சிற்பியை வைத்துக் கருங்கல்லில் செதுக்கி, பொன்வண்ணம் பூசி, தேங்காய் உடைத்துத் திரையை விலக்கினார்கள்: 'மென்சா, மென்சாம், மென்சே, மென்சா.'

"இன்னா கம்பீரம்!" பக்தவத்சலத்துக்குக் கண் கலங்கியது. "அர்த்தம் புரியாமலே உடம்பு சிலிர்க்குது பாருங்க!"

சரோஜா ஓரமாக வந்து போனைக் கல்லுக்கு நேரே நீட்டினாள். அது கணீரென்று படித்தது: "மேஜை. மேஜையை. மேஜையின். மேஜையால்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"உன் போன் லட்சணம்தான் உன் போர்டுலயே தெரியுதேம்மா!" என்றார் தலைவர்.

"நீங்களே சொல்லுங்க ஜான்சன் சார். தெனம் நம்ம வண்டியாண்ட நெத்திலி துன்னுகினே பாடுவீங்களே, அந்தப் பாட்டுதான இது?"

எல்லோரும் ஜான்சனைப் பார்த்தார்கள். வண்டியின் வாசனை மூக்கில் ஏறியது. தொண்டையைச் செருமினார்.

"போன் தப்பு. இது ரொம்ப ஆழமான விஷயம்."

சரோஜா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரி சார். என் போர்டுல தப்பு கீது, தட்டுல மீன் கீது. உங்க போர்டுல மேஜதான் கீது."

நகரின் பண்பாட்டைப் புண்படுத்தியதற்காக வண்டியை அகற்ற அன்றே தீர்மானம் நிறைவேறியது. முதல் கையெழுத்து, அறிஞர் என்ற முறையில், ஜான்சனுடையது.

இப்போதும் மாலையானால் வாசலில் வந்து நிற்கிறார். எதிரே பொன்னெழுத்தில் மேஜை பளபளக்கிறது. அதன்மேல் வைக்க இருந்ததைத்தான் அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.